ஐந்து டிகிரிக்குக் கீழே

முப்பத்தொன்று புள்ளி இரண்டு. என் நடுவிரலின் சூடு அது. காலடியில் இருக்கும் கறுப்புப் பெட்டியில் எண் தெரிகிறது. விரல் நுனியில் டேப் போட்டு ஒட்டிய சென்சாரிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று பெட்டிக்குப் போகிறது, பெட்டியிலிருந்து இன்னொன்று பனியின் மேல் நெளிந்து சுவரில் போட்ட ஓட்டை வழியாக ஆராய்ச்சி நிலையத்துக்குள் போகிறது, உள்ளே ஜன்னலுக்குப் பின்னால் அவர் இருக்கிறார். டாக்டர் குலசேகரன், மதுரைக்காரர். தேநீர் குடிக்கிறார். இரட்டைக் கண்ணாடி, அதில் அவர் மூச்சு படிந்து முகம் பாதி அழிந்திருக்கிறது, மீதிப் பாதியே எனக்குப் போதும் வெறுக்க. காலை பதினொரு மணி, வெயில் கண்ணைக் குத்துகிறது, இவ்வளவு வெயிலில் இவ்வளவு குளிர் என்பதை நான்கு வருஷமாகியும் என் உடம்பு நம்ப மறுக்கிறது. காற்று மைனஸ் ஒன்பது. ஸ்டூல் இரும்பு, மேலே ஒரு கம்பளித் துண்டு. உடம்பு முழுக்க மூடியிருக்கிறேன், வலது கை மட்டும் வெறுமையாக மரச்சட்டத்தின் மேல், காற்றுக்கு எதிராக, உள்ளங்கை கீழே பார்க்க. இப்படித்தான் ஐம்பத்தொரு பேர் இந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்கள், நான் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவருக்கு அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்களைப் பார்த்தேன், இன்றைக்கு ஐம்பத்திரண்டாவது ஆளாக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். இடுப்பில் வாக்கிடாக்கி கரகரக்கிறது. "ஆரம்பிச்சாச்சு ஆக்னஸ். வலி எத்தனை?" பத்துக்கு எத்தனை என்று அர்த்தம். "ஒண்ணு சார்." "குட்." என்ன குட். ஒன்று என்பது குட்டா, அல்லது நான் சார் என்று சொன்னது குட்டா.

இருபத்துநாலு. இவ்வளவு வேகமாக இறங்குமா, இறங்கும், முதலில் அப்படித்தான் இறங்கும், எத்தனை வளைகோட்டை வரைந்திருக்கிறேன், ஆனால் தாளில் வரையும்போது அது என் விரலாக இல்லை. காற்று செய்வது ஒரு வேலைதான், தோலுக்கு மேலே உடம்பு தனக்கென்று ஒரு சின்னச் சூட்டுப் படலத்தை வைத்திருக்கிறது, அதை உரித்துக்கொண்டு போய்விடுகிறது, உடம்பு இன்னொன்றைத் தயார் செய்கிறது, அதையும் உரிக்கிறது. இதற்குச் சமன்பாடு இருக்கிறது, வெப்ப இழப்பு, சதுர மீட்டருக்கு இத்தனை வாட், குலசேகரன் பத்தொன்பது வருஷமாக அதைச் செதுக்கிக்கொண்டிருக்கிறார், அதிலிருந்து ஓர் அட்டவணை போட்டார், இந்தக் குளிரில் இந்தக் காற்றில் வெறுங்கையோடு இத்தனை நிமிடம் வேலை செய்யலாம் என்று, மலைச்சாலை போடும் முகாம்களில் எல்லாம் அதைப் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். இன்றைய குளிருக்கும் இன்றைய காற்றுக்கும் இருபத்தாறு நிமிடம். ஆகஸ்டில் அவர் ஓய்வு பெறுகிறார், அதற்கு முன் அந்த அட்டவணை நாடு முழுக்க விதியாகிவிட வேண்டும், அதற்கு ஒரே ஒரு தாள் பாக்கி. மேலிடத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள், உட்கார்ந்தவர்களில் நாற்பது பேர் இந்த மலையிலேயே பிறந்தவர்கள், சாலை போட வருகிறவர்களோ சமவெளிக்காரர்கள், சமவெளிக்காரர் ஒருவருடைய முழுமையான தாளாவது இணைத்து அனுப்புங்கள் என்று. ஒருவர்! பதினொரு பேர் உட்கார்ந்தார்கள் ஐயா. பதினொரு தாளும் தனிக் கோப்பில் தூங்குகின்றன. பதினாறு புள்ளி எட்டு. வலி ஆரம்பிக்கிறது, நகத்துக்கு அடியில் யாரோ மெதுவாக, பொறுமையாக, ஒரு குண்டூசியை வைத்து அழுத்துகிறார்கள்.

அந்தப் பதினொன்று எப்படித் தனிக் கோப்புக்குப் போயின என்பது எனக்குத் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியும், அதுதான் இன்றைக்கு என்னை இந்த ஸ்டூலில் உட்கார வைத்திருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறேன், உண்மையாகவும் இருக்கலாம். விதி சுலபம். விரல் ஐந்து டிகிரியைத் தொட்டால் உள்ளே இருக்கும் பொறுப்பாளர் நிறுத்து என்று சொல்ல வேண்டும். அதற்குக் கீழே போனால் விரல் மரத்துப்போகும், பிறகு உறைவதற்கு வழி திறந்துவிடும். நிறுத்து என்று சொன்ன நேரத்தைத்தான் தாளில் எழுதுவோம், சூட்டை எழுதுவதில்லை, அது கருவியின் நினைவில் எங்கேயோ கிடக்கும், யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை. பொறுப்பாளர் சொல்வதற்கு முன்னால் உட்கார்ந்தவர் எழுந்துவிட்டால் 'தானாக விலகினார்' என்று எழுதி அந்தத் தாளை ஒதுக்கிவிடலாம். அவ்வளவுதான். எண்ணைத் திருத்த வேண்டாம், அழிக்க வேண்டாம், பொய்யாக ஒரு வார்த்தை எழுத வேண்டாம். சும்மா இருந்தால் போதும். நாமக்கல்லிலிருந்து லாரி ஓட்டி வந்த பொன்னுரங்கம், சாலை பனியில் அடைபட்டு நான்கு நாள் இங்கே தங்கியவர், சும்மாதானே இருக்கேன் நானும் உட்காருறேன் என்று சிரித்துக்கொண்டு வந்தவர், பதினைந்தாவது நிமிடத்தில் ஐந்தைத் தொட்டார். நான் குலசேகரனைப் பார்த்தேன். அவர் தேநீரைப் பார்த்தார். பதினாறு. பதினேழு. "யோவ், உள்ள ஆள் இருக்கீங்களா, செத்துப்போயிட்டீங்களா?" என்று வாக்கிடாக்கியில் கத்தல். பதினெட்டில் எழுந்துவிட்டார், கையை அக்குளில் திணித்துக்கொண்டு, வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டு. குலசேகரன் பேனாவை எடுத்து, 'தானாக விலகினார்'. "ஸ்டாமினா இல்லை," என்றார் என்னிடம், ஏதோ ரகசியத்தைப் பகிர்வது போல. நான் என்ன சொன்னேன். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு முன்னாலும் ஒரு வாக்கிடாக்கி இருந்தது. என் கட்டைவிரலுக்கும் அதன் பொத்தானுக்கும் நடுவில் நான்கு அங்குலம்கூட இல்லை.

பன்னிரண்டு புள்ளி ஒன்று. "வலி?" "ஆறு." "ஆறா? அஞ்சு நிமிஷத்துலயேவா? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க." வலியை யோசித்துச் சொல்ல வேண்டுமாம். ஏழு என்று சொல்லலாம், எட்டு என்று சொல்லலாம், எதைச் சொன்னாலும் அவருக்கு அது ஒரு பெண்ணின் குரல். "ஆறுதான் சார்." ஜன்னலில் இன்னொரு முகம் வந்து நிற்கிறது, புன்ட்சோக், இந்த ஊர்க்காரர், நிலையத்தில் கருவிகளையெல்லாம் பார்த்துக்கொள்பவர், என் விரலில் சென்சார் ஒட்டியவர், ஒட்டும்போது டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி அழுத்திவிட்டு இந்தியில் மெல்லக் கேட்டார், "மேடம், நிஜமாகவே உட்காரப் போறீங்களா?" அவரும் இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். அவர் விரல் எட்டு வரை இறங்கிவிட்டுத் தானாகவே பதினான்குக்கு ஏறியது, மறுபடி இறங்கியது, மறுபடி ஏறியது, மலைக்காரர்களுக்கு ரத்தம் இப்படி விட்டுவிட்டு விரல் நுனிக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அவர் இருபத்தொன்பது நிமிடம் உட்கார்ந்து சிகரெட் கேட்டார். எனக்கும் ஏறுமா. ஏறு. ஏறேன். பத்து புள்ளி ஆறு. ஏறாது, நான் பிறந்த தூத்துக்குடியில் ஏறுவதற்கு என்ன இருக்கிறது, வியர்வையைத் துடைப்பதைத் தவிர என் ரத்தம் வேறு எதையும் கற்கவில்லை. அப்பா மட்டும் குளிரில் வேலை செய்தார், மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில், கொக்கி போட்டு பாளம் பாளமாக இழுத்து அரவை மெஷினில் தள்ளுவார், சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சட்டைப் பொத்தானைக் கழற்ற முடியாது, நான்தான் கழற்றிவிட வேண்டும், அந்தச் சட்டையில் மீன் வாடையும் அம்மோனியா வாடையும் சேர்ந்து வரும், மூச்சைப் பிடித்துக்கொண்டு கழற்றுவேன், "சீக்கிரமா கழத்து பிள்ள" என்பார், நான் வேண்டுமென்றே மெதுவாகக் கழற்றுவேன், ஏன் அப்படிச் செய்தேன், தெரியவில்லை, ஒரு மனிதன் எனக்காகக் காத்து நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. இப்போது எதற்கு இது. எண்ணைப் பார்.

ஒன்பது புள்ளி நான்கு. வலி எட்டு. இல்லை, ஒன்பது. விரலுக்குள் எலும்பு பெரிதாகிக்கொண்டே போகிறது, தோல் அதற்குப் போதவில்லை. மற்ற விரல்களில் சென்சார் இல்லை, அவை எத்தனை டிகிரி என்று யாருக்கும் தெரியாது, யாருக்கும் கவலையும் இல்லை, அவை அட்டவணைக்கு வெளியே. மங்ராவுக்குக் குளிரில் உறைந்துபோனவையும் நடுவிரல் இல்லை, சுண்டுவிரலும் மோதிரவிரலும். மங்ரா ஜார்க்கண்டிலிருந்து சாலை வேலைக்கு வந்தவன், கம்பி வலைக்குள் கல்லை அடுக்கி மூட்டுகிற வேலை, கம்பியை முறுக்க கையுறையோடு முடியாது. கீழே ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். இரண்டு விரலின் நுனி கறுத்து, வற்றிப்போய், பழைய பேட்டரியின் முனை போல. "கையுறையைக் கழற்றி எறிஞ்சுட்டுக் குடிச்சிட்டுக் கிடந்திருப்பான்" என்று குலசேகரன் அறிக்கையில் எழுதச் சொல்லியிருந்தார், அழகான ஆங்கிலத்தில், நானும் அப்படியே எழுதிவிட்டுத்தான் அவனைப் பார்க்கப் போனேன். எழுதிவிட்டுப் போனேன். அவன் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து எனக்கு வணக்கம் வைத்தான், கட்டுப்போட்ட கையால். "மேடம், பலகையில இருபத்தாறுன்னு போட்டிருந்தது. எங்க மேஸ்திரிகிட்ட வாட்ச் இருக்கு. நான் இருபத்தஞ்சுலயே கையை உள்ள வெச்சுட்டேன்." அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. தான் விதியை மீறவில்லை என்று எனக்கு நிரூபிக்கப் பார்த்தான், ஒரு நிமிடம் மிச்சம் வைத்ததைச் சொல்லி, பயந்துபோய், எங்கே இந்த அம்மா வேலையைப் பிடுங்கிவிடுவாளோ என்று. நான் தலையாட்டினேன். மறுநாளே குலசேகரனிடம் போய், கோப்பில் ஒதுக்கிய தாள்களை எடுக்கணும் சார் என்றேன். "எந்தத் தாள்?" என்றார். "அந்தப் பதினொண்ணு." "விலகினவங்க டேட்டாவை எப்படிம்மா சேர்க்கறது? சயின்ஸ்ல இரக்கத்துக்குக் கட்டம் கிடையாது." பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அவ்வளவு சந்தேகம்னா நீங்களே உக்காருங்களேன். நீங்க பாதியில எழுந்திருக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும்" என்றார்.

அதுதான். அதை அப்போது பாராட்டு என்று நினைத்தேனே, அதுதான் கன்னத்தில் அறைகிறது. ஏழு புள்ளி ஒன்று. அவர் கணக்கு எனக்கு இப்போதுதான் பிடிபடுகிறது, இங்கே உட்கார்ந்து, மூக்கு ஒழுகி உதட்டில் உறைந்திருக்கும்போது. நான் பிடிவாதக்காரி. ஐந்தைத் தொட்டாலும் எழமாட்டேன், அவரே சொல்லட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன். அவர் இருபத்திரண்டிலோ இருபத்துநாலிலோ, தனக்கு வசதியான ஓர் எண் வந்ததும், நிறுத்துங்க என்பார். தாளில் இருபத்துநாலு. சமவெளிக்காரர், பெண், முழுமையான தாள், கையெழுத்து. மங்ராவின் பலகை விதியாகிவிடும், என் விரலை வைத்து. நான் தாங்கினால் அவருக்கு லாபம். நான் எழுந்தால் பன்னிரண்டாவது தாள் கோப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும், அவருக்கு நஷ்டமில்லை, பனி விலகிச் சாலை திறந்ததும் ஊரிலிருந்து இன்னொரு பிடிவாதக்காரியைக் கூட்டி வருவார். என்னுடைய கோபத்தையும் அவர் ஒரு கருவியாக வாங்கி வைத்திருக்கிறார். எவ்வளவு நாளாக. சேர்ந்த முதல் வாரம் நான் அவரோடு ஒரு வரைபடத்துக்காகச் சண்டை போட்டேன், எல்லோர் முன்னாலும், அவர் கோபப்படாமல் சிரித்தார், அன்றிலிருந்தா. "வலி?" வாக்கிடாக்கி. பதின்மூன்றாவது நிமிடம். யோசிக்கிறேன். வலி எங்கே. தேடிப் பார்க்கிறேன், இருட்டு அறையில் ஸ்விட்சைத் தடவுவது போல, இல்லை, போய்விட்டது, விரல் நிம்மதியாக இருக்கிறது, இதம் என்றுகூடச் சொல்லலாம். இந்த இதம்தான் மோசம். "வலி இல்ல சார். மரத்துப்போச்சு." "வெரி குட். அடாப்ட் ஆயிட்டீங்க." அடாப்ட்! பாவி.

ஐந்து புள்ளி மூன்று. ஐந்து புள்ளி இரண்டு. கண்ணாடியில் படிந்த மூச்சை அவர் சட்டைக் கையால் துடைக்கிறார், இப்போது முழு முகமும் தெரிகிறது, நரைத்த மீசை, காதுவரை இழுத்த குல்லா, என்னைப் பார்க்கவில்லை, உள்ளே திரையைப் பார்க்கிறார், அங்கேயும் இதே எண்தான் தெரியும். ஐந்து. ஐந்து புள்ளி பூஜ்யம். என் கைக்கடிகாரத்தில் பதினாறு நிமிடம் ஐந்து வினாடி. சொல்லுங்க சார். சொல்லுங்க. ஒருவேளை சொல்லிவிடுவாரோ என்று ஒரு கணம் நினைக்கிறேன், பத்தொன்பது வருஷம் இந்த மலையில் உட்கார்ந்த மனிதன், தார் டின்னை வெட்டி முதல் காற்றுமானியைத் தானே செய்தவர் என்று சொல்வார்கள், அவருக்குள் ஓர் ஓரத்தில் அந்த ஆள் இன்னும் இருக்கலாம், அவர் இந்த எண்ணைப் பார்த்து எழுந்து நிற்கலாம். நான்கு புள்ளி எட்டு. தேநீர்க் குவளை மேலே போகிறது, கீழே வருகிறது. புன்ட்சோக் அவரிடம் ஏதோ சொல்கிறார், வாய் அசைவது தெரிகிறது, அவர் கையைக் காட்டி அடக்குகிறார். நான்கு புள்ளி ஆறு. பொன்னுரங்கத்துக்கு இப்படித்தான் இருந்ததா, ஜன்னலில் இரண்டு முகம், ஒன்று என்னுடையது. அந்தக் கண்ணாடி வழியாக என்னை அவர் பார்த்திருப்பார். என் தமிழைக் கேட்டு, நம்ம ஊர்ப் பொண்ணு என்று காலையில் எனக்கு நாமக்கல் முறுக்கு ஒரு பொட்டலம் கொடுத்த மனிதர். நான்கு புள்ளி மூன்று. பதினெட்டு நிமிடம். விரலின் நுனி மெழுகு நிறம். எழுந்தால் தோற்றேன், உட்கார்ந்தால் அதைவிடத் தோற்றேன், சரி, தோற்றுவிட்டேன் என்றே வைத்துக்கொள், தோற்றவள் என்ன செய்யலாம், தோற்றவளுக்கு இந்த விரல் இருக்கிறது, நாலு டிகிரியில், அதை அவருக்குக் காட்டலாம். எழுந்துவிட்டேன். ஒயரைப் பிடுங்காமல் பெட்டியை இடது கையில் தூக்கிக்கொண்டு நடக்கிறேன், பனி நொறுங்குகிறது, கதவைத் தோளால் தள்ளுகிறேன்.

உள்ளே மண்ணெண்ணெய் அடுப்பின் சூடு முகத்தில் அடிக்கிறது. குலசேகரன் திரும்பாமலே பேனாவை எடுக்கிறார். "பதினெட்டு நிமிஷம். தானாக விலகி..." முடிப்பதற்குள் நான் அவர் பின்னால் நிற்கிறேன், குல்லாவுக்கும் ஸ்வெட்டர் காலருக்கும் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குக் கழுத்து தெரிகிறது, மனிதக் கழுத்து, சூடாக, மடிப்போடு, அதில் என் நான்கு விரலையும் வைத்து அழுத்துகிறேன். அவர் கத்திய கத்தலில் குவளை கீழே விழுந்து உருள்கிறது. "ஏய்! என்ன இது! தொடாதே! பைத்தியமா உனக்கு?" நான்கு வருஷத்தில் முதல் முறையாக ஒருமை. எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, வெட்கமில்லாத சந்தோஷம். "சும்மா சார். அடாப்ட் ஆயிடுச்சான்னு பார்த்தேன்." என் குரல் குழறுகிறது, உதடு ஒத்துழைக்க மறுக்கிறது. அவர் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்கிறார். "இதுக்கு நீ... நீங்க பதில் சொல்லியாகணும். ரிப்போர்ட் பண்ணுவேன். இந்தத் தாள் செல்லாது. பாதியில எழுந்துட்டீங்க." "செல்லாது சார்." "பிறகென்ன?" "உங்களுக்கு இன்னும் ஒரு தாள் வேணும். சாலை மூடியிருக்கு, கீழேயிருந்து யாரும் வரமுடியாது. புன்ட்சோக் மலைக்காரர். இங்க சமவெளிக்காரர்னு மிச்சம் இருக்கறது மதுரைக்காரர் ஒருத்தர்தான்." அடுப்பு ஸ்ஸ் என்கிறது. புன்ட்சோக்குக்குத் தமிழ் தெரியாது, ஆனால் இது எல்லா மொழியிலும் விளங்கும் போலிருக்கிறது, அவர் குனிந்து உருண்ட குவளையை எடுத்து மேஜையில் வைக்கிறார், வெகு கவனமாக. "நான் உக்காந்த காலத்துல," என்கிறார் குலசேகரன், "முப்பது நிமிஷம். தெரியுமா? முப்பது. அப்ப இந்த அடுப்புகூடக் கிடையாது." "அதுக்குத் தாள் இல்லையே சார்." என்னையே பார்க்கிறார். பிறகு கையுறையைக் கழற்றி மேஜையில் வீசுகிறார். "ஒட்டுய்யா," என்கிறார் புன்ட்சோக்கிடம், நேராகத் தமிழிலேயே.

இப்போது நான் நாற்காலியில். புன்ட்சோக் ஒரு பேசினில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊற்றி என் கையை அதில் விட்டிருக்கிறார், ஆறும்போதெல்லாம் கெட்டிலிலிருந்து சேர்க்கிறார். செத்த விரல் திரும்பி வருகிறது, திரும்பி வருவது போவதைவிட மோசம், எலும்பைத் தீயில் வாட்டுகிறார்கள், கண்ணில் நீர் தானாகக் கொட்டுகிறது, துடைக்கவில்லை. இடது கையில் வாக்கிடாக்கி. ஜன்னலுக்கு வெளியே அவர், முதுகை நிமிர்த்தி, ராணுவ அணிவகுப்பில் உட்கார்ந்தவர் போல. பொறுப்பாளரே உட்கார்ந்தால் அன்றைக்குப் பொறுப்பாளர் இன்னொருவர், விதி அப்படி, இன்றைக்கு நான். "வலி எத்தனை சார்?" "ரெண்டு." பொய். ஐந்தாவது நிமிடத்தில் "மூணு." பொய். முகம் சாம்பலாகிவிட்டது. ஐம்பத்தொன்பது வயசுக்காரர் ரத்தம், என்னுடையதைவிட வேகமாகப் பின்வாங்குகிறது, ஒன்பதாவது நிமிடத்தில் ஏழு புள்ளி இரண்டு. முப்பது நிமிஷம் உட்கார்ந்தாராம். அன்றைக்கு வெயில் இருந்ததோ, காற்று நின்றதோ, அல்லது இந்த முப்பதை எத்தனையோ வருஷமாகச் சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டாரோ. பன்னிரண்டு நிமிடம், ஐந்து புள்ளி மூன்று. புன்ட்சோக் எனக்கு அருகில் வந்து நிற்கிறார். பன்னிரண்டு நிமிடம் நாற்பது வினாடி. ஐந்து.

பொத்தானில் என் கட்டைவிரல் இருக்கிறது. அழுத்தவில்லை. அழுத்தப் போகிறேன், இதோ, ஆனால் அவர் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்க்கிறார், பெட்டியைப் பார்க்கிறார், மறுபடி ஜன்னலைப் பார்க்கிறார், எழவில்லை, அவரால் எழ முடியாது, எழுந்தால் அவருடைய விதிப்படி அவரும் 'தானாக விலகினார்' ஆகிவிடுவார், அந்த முகத்தில் ஒரு கேள்வி இருக்கிறது, காத்திருக்கிறது, எனக்காகக் காத்திருக்கிறது. எவ்வளவு சுலபம். இதற்குக் கொடூரம்கூட வேண்டாம், சும்மா இருந்தால் போதும் என்று எனக்குத்தான் முன்பே தெரியுமே, இந்த நாற்காலியில் இருந்துதானே கற்றேன், அடுப்பின் சூடு முதுகில் இதமாக இருக்கிறது, வெளியே நடப்பது வெளியே நடக்கிறது, எண்கள் தாமாக இறங்குகின்றன, நான் யாரையும் தொடவில்லை. நான்கு புள்ளி ஒன்பது. மங்ராவுக்காக என்று சொல்லலாம். பொன்னுரங்கத்துக்காக. அவர்கள் கேட்டார்களா. நான்கு புள்ளி எட்டு. "மேடம்," என்கிறார் புன்ட்சோக். ஒரே சொல். அவர் என்னைப் பார்க்கும் பார்வை புதியது என்று நினைத்தேன், இல்லை, பழையது, பதினொரு முறை இப்படித்தான் எங்கள் இருவரையும் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருப்பார், நான் திரும்பிப் பார்த்ததில்லை. அழுத்துகிறேன். "நிறுத்துங்க சார். உள்ள வாங்க." பதின்மூன்று நிமிடம் முப்பது வினாடி.

அவரால் கதவைத் திறக்க முடியவில்லை, புன்ட்சோக் போய்த் திறக்கிறார். ஒரு பேசின்தான் இருக்கிறது. நான் கையைச் சற்று ஓரமாக நகர்த்துகிறேன், அவர் வந்து எதிரே முக்காலியில் உட்கார்ந்து தன் கையை உள்ளே விடுகிறார், தண்ணீருக்குள் எங்கள் விரல்கள் ஒன்றையொன்று தொடாமல் விலகிக் கிடக்கின்றன, இரண்டும் சிவந்து வருகின்றன, ஒரே நிறத்தில். பிறகு வலி வந்துவிட்டது போலிருக்கிறது, கண்ணை இறுக மூடிக்கொண்டு பல்லுக்கு நடுவில் ஒரு சத்தம், அம்மா என்கிற மாதிரி. "பதிமூணரையா?" என்கிறார் கண்ணைத் திறக்காமல். "நிறுத்தச் சொன்னது பதிமூணரை. அஞ்சைத் தொட்டது பன்னெண்டு நாப்பது." கண் திறக்கிறது. "தெரிஞ்சும் சும்மா இருந்தீங்க." "ஆமா சார். அம்பது செகண்ட்." "பழி வாங்கினீங்க." "ஆமா." அவர் ஏதோ சொல்ல வாயெடுக்கிறார், சென்சார் சரியாக ஒட்டவில்லை என்றோ, மேலிடத்துக்கு எழுதுவேன் என்றோ, தண்ணீரில் தன் விரலைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார். புன்ட்சோக் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைக்கிறார். பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. ஐந்தைத் தொட்ட நேரத்தை எழுத அதில் கட்டமே இல்லை, ஓரத்தில் ஒரு கோடு போட்டு எழுதச் சொல்கிறேன். எழுதுகிறார். தாமதம், ஐம்பது வினாடி, அதையும் எழுதச் சொல்கிறேன். இந்த ஒரு வரியை வைத்து நாளைக்குக் குலசேகரன் என்னை வேலையிலிருந்தே தூக்கலாம். எழுதுகிறார். "காரணம்னு என்ன போட மேடம்?" என்று இந்தியில் கேட்கிறார். கருவிக் கோளாறு என்று போடலாம், அடுப்புச் சத்தம் என்று போடலாம், குலசேகரன்கூட என் வாயையே பார்க்கிறார், அப்படி ஏதாவது நான் சொல்லிவிட மாட்டேனா என்று ஆசையோடு பார்ப்பது போல. "சொல்லவில்லைன்னு போடுங்க. பொறுப்பாளர் பார்த்துக்கொண்டிருந்தார், சொல்லவில்லை. என் பேரைப் போடுங்க." இடது கையால் கையெழுத்துப் போடுகிறேன், எழுத்து குழந்தை எழுதினது போலக் கோணுகிறது. "இப்ப அந்தத் தனிக் கோப்பை எடுங்க, பதினொரு தாளும் இருக்கும். ஒவ்வொருத்தரும் எத்தனையாவது நிமிஷத்துல அஞ்சைத் தொட்டாங்கன்னு கருவியில பார்த்து நான் சொல்லச் சொல்ல ஓரத்துல எழுதுங்க." புன்ட்சோக் அலமாரியைத் திறந்து கோப்போடு திரும்பி வருகிறார், முதல் தாளை எடுத்து வைக்கிறார், பேனாவை உதறிக்கொள்கிறார். "இதுலயும் அதே காரணம்தானா மேடம்? பேரு?" குலசேகரன் கையைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. "அதே காரணம்," என்கிறேன். "பேரு மட்டும் ரெண்டு."